முகத்தைப் பார்த்துப் பேசு

“நகத்தை வெட்டணும், கையை நீட்டு” என்றேன். எல்மர் கட்டை விரலை நீட்டினான். என்னவோ நான் கட்டை விரலுக்காகத்தான் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பதுபோல. சுண்டு விரலை முழங்காலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். அந்த விரலில் நகம் ஓர் அங்குலத்துக்கு வளர்ந்து மஞ்சள் பூத்துக் கிடந்தது. எங்கள் இலோயிலோ நகரத்தில் ஜீப்னி என்கிற நீள ஜீப் பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படியொரு நகம் உண்டு. எதற்கு என்று கேட்டால், இருபது வருடக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட உருப்படியான பதில் வந்ததில்லை.

“ஓட்டலுக்கு வர்றவங்க உன் கையப் பாத்தா பெட்டிய போட்டுட்டு ஓடிருவாங்க.”

“போட்டா என்ன? நான் எடுத்து வெச்சிட மாட்டேனா?”

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? கையைப் பிடுங்கி வெட்டினேன். ஏதோ விரலையே நறுக்கிவிட்டதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டான்.

மார்ச் மாதத்தோடு அவன் ஓட்டிய தடத்தில் பழைய ஜீப்னிகளை நிறுத்திவிட்டு, ஏசி போட்ட மினிபஸ்களை விட்டுவிட்டார்கள். நாலு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். இப்போது ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்திருக்கிற ஓட்டலில், விமான நிலையத்திலிருந்து விருந்தினரைக் கூட்டிவர வேன் டிரைவர் வேண்டுமாம். விளம்பரத்தின் கடைசி வரியில் ‘பார்க்க லட்சணமாகவும் பழக இனிமையாகவும் இருக்க வேண்டும்’ என்று இருந்தது. எங்கள் நாட்டில் அந்த வரி இல்லாமல் எந்த வேலை விளம்பரமும் வராது. எனக்கு அந்த வரி மனப்பாடம். பெரிய கடையொன்றில் பவுடர், லிப்ஸ்டிக் விற்கும் மேடையில் பதினேழு வருடமாக நிற்கிறேன். தினமும் கடை திறப்பதற்கு முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து நகம், கொண்டை, பல், சிரிப்பு எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அப்படிப்பட்ட என் வீட்டில், பார், இவன்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் மணிலா. அங்கே இவன் அண்ணன் லாரியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. எங்கள் சந்தில் நாலு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், தங்கள் வீட்டு நாற்காலியிலேயே விருந்தாளிபோல நுனியில் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு போய்விடுவார்கள். எனக்கு அப்படியொரு விருந்தாளி வேண்டாம். நான் இப்படி மன்றாடிக்கொண்டிருக்க, இவனோ பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தான். எனக்கு எப்படி இருக்கும்?

நேர்காணலுக்குப் பழக்க அவனை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நான் உட்கார்ந்தேன்.

“நான்தான் மேனேஜர். உங்களப் பத்திச் சொல்லுங்க.”

“என் பேரு எல்மர்...” என்று ஆரம்பித்தவன் சட்டென்று வலப்பக்கம் மேலே பார்த்தான்.

“அங்க என்ன பல்லியா ஓடுது? என் மூஞ்சியப் பாத்துப் பேசுய்யா!”

பார்த்தான். இரண்டு விநாடி. மறுபடியும் கண் மேலே போய்விட்டது. ‘எத்தனை வருஷம் வண்டி ஓட்டினீங்க’ என்று கேட்டால் மேலே பார்க்கிறான். ‘குடிப்பீங்களா’ என்று கேட்டாலும் மேலே பார்க்கிறான். பார்க்கிறவர்களுக்கு, கூரையைப் பார்த்துப் பொய்யை ஜோடிக்கிறான் என்றுதானே தோன்றும்? மூன்று நாள் கத்தினேன், கெஞ்சினேன், தலையிலடித்துக்கொண்டேன். கடைசியில் கைபேசியில் படம் பிடித்து, “நீயே பாரு உன் லட்சணத்த” என்று மடியில் போட்டேன்.

பார்த்தான். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தான். மூன்றாம் தடவை ஓடும்போது, சாவியைத் தொலைத்துவிட்டுச் சட்டைப்பையிலேயே கண்டுபிடித்தவன்போல அவன் முகம் மாறியது.

“லிதா, நான் கண்ணாடியப் பாக்குறேன்.”

“எந்தக் கண்ணாடிய?”

“வண்டிக் கண்ணாடிய. என் சீட்டுக்கு வலப்பக்கம் மேல, அது அங்கதான் இருக்கும். பின்னாலேருந்து யாராவது பேசினா நான் அதுலதான பாப்பேன்? பத்தொம்பது வருஷமா ஆளுங்கள்லாம் எனக்கு அதுக்குள்ளதான் இருந்தாங்க.”

உண்மைதான், ஜீப்னியில் பயணிகள் முதுகுக்குப் பின்னால் ஏறுவார்கள், தோளுக்குப் பின்னாலிருந்து காசை நீட்டுவார்கள், கூரையைத் தட்டிவிட்டு இறங்கிப்போவார்கள். வீட்டிலும் இவன் அப்படித்தான், நான் பேசினால் எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வான். என்மேல் அக்கறையே இல்லை என்று அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை வாசலில் விட்டெறிந்திருக்கிறேன். அதை நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது, இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சலாகவும் இருந்தது. பாவம், அவனுக்கே இப்போதுதானே தெரிந்திருக்கிறது.

அதற்காக விட்டுவிட முடியுமா? வியாழக்கிழமை நேர்காணல். “கண்ணப் பாக்க முடியலன்னா என் மூக்கப் பாரு. நகரக் கூடாது, சிமிட்டக் கூடாது” என்றேன். அடுப்பில் சோறு தீய்ந்ததுகூடத் தெரியாமல் அன்று உட்கார்ந்திருந்தோம். புதன்கிழமைக்குள் மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறிவிட்டான். முதுகு நிமிர்ந்திருந்தது. தொண்டைக்குள்ளேயே உருளும் குரல் கொஞ்சம் வெளியே வந்து, சுவரில் பட்டுத் திரும்பியது. சந்தோஷத்தைக் காட்டினால் உடனே தளர்ந்துவிடுவான் என்று “பரவால்ல” என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை. ஓட்டல் வாசலில்தான் கவனித்தேன். சட்டைக் காலருக்கு மேலே ஒரு துண்டின் முனை எட்டிப் பார்த்தது. வியர்வைக்காக முதுகில் சொருகிக்கொண்டு வந்திருக்கிறான், வண்டியோட்டப் போகிற நாள்போல!

“உள்ள ஏசி இருக்குய்யா!” என்று உருவி என் பைக்குள் திணித்தேன். “கொஞ்சம் ஈரமா இருக்கும்” என்றான் அக்கறையாக.

காவலாளி என்னை உள்ளே விடவில்லை. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நாற்பது நிமிடம் கழித்து வந்தான். கண்ணிரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“அழுதியா?”

“இல்ல. நீதான சிமிட்டக் கூடாதுன்ன? சிமிட்டல. தண்ணியாக் கொட்டிருச்சு. அந்த மேடம் பயந்துபோயி டிஷ்யூ எடுத்துக் குடுத்தாங்க.”

“அட கடவுளே!”

“ஏன் இப்படிப் பாக்குறீங்கன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்.”

“என்னத்தச் சொன்ன?”

“பத்தொம்பது வருஷமா ஆளுங்கள கண்ணாடியிலதான் பாத்தேன், இப்பத்தான் நேராப் பாக்கக் கத்துக்கிட்டிருக்கேன், என் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாள்னு.”

தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டேன். நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் போயிற்று. இப்படியா ஒருத்தன் தன் குறையைத் தானே தட்டில் வைத்து நீட்டுவான்?

“அதுக்கு அந்தம்மா சிரிச்சாங்களா, முறைச்சாங்களா?”

“தெரியல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஆனா அதப் படிக்கத் தெரியலையே இன்னும். திங்கக்கிழமை போன் பண்றாங்களாம்.”

எழுந்து அவனை நாலு வார்த்தை திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இல்லை, மூக்கையும் இல்லை. உச்சி வெயிலில், பவுடர் எல்லாம் வழிந்துபோன என் முகத்தை.

“லிதா, உன் வலது புருவத்துக்கு மேல தழும்பு இருக்கு.”

“பதினோரு வருஷமா இருக்கு! நீ போட்ட பிரேக்ல கம்பியில மோதினது. மூணு தையல். அதுகூட மறந்துபோச்சா?”

“மறக்கல. அன்னிக்கு ரத்தம் வந்ததக் கண்ணாடியில பாத்தேனே.” அவன் விரல் தயங்கித் தயங்கி என் நெற்றிக்கு வந்து, இடது புருவத்தின்மேல் நின்றது. “ஆனா இத்தன நாளும் இந்தப் பக்கம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

மினிபஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ஏறப்போகிறோமா இல்லையா என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தான். எல்மர் திரும்பவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், அவன் சட்டையின் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.