சிகரெட்டை விட்டதில் நெவிலுக்கு ஆன செலவு

எங்கள் போல்டன் ஊர் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற நெவில், சிகரெட்டிலிருந்து வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறும் முன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டான். சிகரெட் ஒரு பாக்கெட் பதினாறு பவுண்டு. நாளைக்கு ஒரு பாக்கெட். வேப் கருவியை நகராட்சிக்காரர்களே சும்மா கொடுத்தார்கள். அதில் ஊற்றுகிற திரவத்துக்கு வாரம் எட்டு பவுண்டு. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி உருப்படியான காரியம் ஒன்றைச் செய்வோம் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் கிளினிக்கில் ஒரு குழாயை ஊதிக் காட்ட வேண்டும். சிகரெட் பிடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். அந்த நர்ஸைக் கண்டால் நெவிலுக்கு நடுக்கம்.

இத்தனையும் பார்த்தவன் கணக்கில் கிளெண்டாவைச் சேர்க்க மறந்துவிட்டான். அட மடையா என்று அவன் தலையில் குட்ட அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

கிளெண்டா பேக்கிங் பிரிவு. விவாகரத்தாகி ஆறு வருடம். காலை பத்து இருபதுக்கு இடைவேளை மணி அடித்தால், முற்றத்தில் இருக்கிற புகை பிடிக்கும் கொட்டகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு வருடமாக இப்படித்தான். நெவில் மழையைப் பற்றிப் பேசுவான். குப்பை வண்டி என்றைக்கு வரும் என்று கேட்பான். கேட்க வேண்டியது வேறொன்று, அது தொண்டைவரை வரும். உடனே சிகரெட்டை வாயில் வைத்துவிடுவான்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பிளாக்பூல் கடற்கரை விளக்கு அலங்காரம் பார்க்கப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவீர்களா? வருடத்துக்கு ஒரு தடவை தொழிற்சாலையே கிளம்புகிற பயணம் அது. பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் அடுத்த அக்டோபர் வரை எல்லோருக்கும் பேச்சு. அப்படி உட்கார்ந்து வந்து கல்யாணத்தில் முடிந்த ஜோடிகள் மூன்று. போன வருடம் நெவில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தான். இந்த வருடப் பயணம் சனிக்கிழமை.

திங்கட்கிழமை கொட்டகையில் நெவில் பெருமையோடு வேப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். ருபார்ப் கஸ்டர்ட் இனிப்பு வாசனை கிளம்பியது. கிளெண்டா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாதுகாப்பு அதிகாரியம்மா அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"வேப்காரங்க இங்க நிக்கக் கூடாது நெவில். அதோ அங்க."

"ஏங்க?"

"சிகரெட்டை விட்டவரைச் சிகரெட் புகைக்குள்ள நிறுத்தலாமா? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

'அங்கே' என்பது வீணான மாவு கொட்டுகிற தொட்டிக்குப் பக்கம். கொட்டகையிலிருந்து சரியாகப் பன்னிரண்டு மீட்டர். நடுவில் ஒரு மஞ்சள் கோடு. காவலுக்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. வேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் வெறுமனே நின்றிருந்தால் ஒருவரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரன் கோட்டைத் தாண்ட மாட்டான். ஆளில்லாத கவுண்டர் முன்னால்கூட வரிசையில் நிற்பவன் அவன்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நெவிலுக்குக் கிடைத்த துணை, லாரி ஓட்டுகிற டட்லி. மாம்பழ வாசனைப் புகை விட்டுக்கொண்டு தன் முழங்கால் வலியைப் பற்றி மட்டுமே பேசுவான். கோட்டுக்கு அந்தப் பக்கம், நெவில் இதுவரை நின்ற அதே இடத்தில், விற்பனைப் பிரிவு ரஸ்ஸல் வந்து நின்றான். வெள்ளி லைட்டர் வைத்திருப்பவன். கிளெண்டாவின் சிகரெட்டை அவன் பற்ற வைத்தான். அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று பன்னிரண்டு மீட்டரில் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டட்லி முழங்காலை விட்டுவிட்டு முதல் தடவையாக வேறு விஷயம் பேசினான். "ரஸ்ஸல் பஸ்ல ரெண்டு சீட்டு சொல்லி வச்சிருக்கானாம்டா."

அன்று ராத்திரி நெவில் தூங்கவில்லை. ஒரு சிகரெட்டை வாங்கிப் பற்ற வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடலாமா என்று பார்த்தான். நர்ஸ் முகம் ஞாபகம் வந்தது. படுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பத்து இருபது. நெவில் மஞ்சள் கோட்டில் ஷூ நுனி படாமல் வந்து நின்று, கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"கிளெண்டா!"

முற்றமே திரும்பியது.

"என்ன?" என்று அவளும் கத்தினாள்.

"நாளைக்கு பஸ்ல..."

சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பீப் பீப் என்று பின்னோக்கி வந்தது. "ஏய், அதை நிறுத்தித் தொலைடா! ஒரு மனுஷன் பேசறான்ல!" என்றான் டட்லி. வண்டி நின்றது. ஓட்டியவன் இறங்கிவந்து வேடிக்கை பார்க்க நின்றுகொண்டான்.

"நாளைக்கு பஸ்ல என் பக்கத்துல உக்காருவீங்களா?"

"அந்த சீட்டெல்லாம் பேசி முடிச்சாச்சுப்பா!" என்று ரஸ்ஸல் குரல் கொடுத்தான்.

கிளெண்டா அவன் பக்கம் திரும்பினாள். "யார்கிட்ட பேசினீங்க?"

"டிரைவர்கிட்ட."

"அப்ப டிரைவர் மடியில போய் உக்காருங்க."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. கிளெண்டா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏன்யா நெவில், ரெண்டு வருஷம் தோளோட தோளா நின்னியே. அப்பல்லாம் குப்பை வண்டி எப்ப வரும்னுதான கேட்ட? இப்ப ஊரே கேக்கற மாதிரி கத்தறியே!"

"பக்கத்துல நின்னா எனக்கு வாயே வரலைங்க!"

டட்லி முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினான். கிளெண்டாவின் கை இடுப்பிலிருந்து மெல்ல இறங்கியது.

"எத்தன நாளா இதைக் கேக்கணும்னு இருந்த?"

"ரெண்டு வருஷமா!"

அவள் சிகரெட்டை அணைத்துவிட்டு நேரே நடந்துவந்தாள். மஞ்சள் கோட்டில் நின்றாள். அவளும் போல்டன்காரிதானே. இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

"ஜன்னல் சீட்டு எனக்கு," என்றாள்.

நெவில் வாயைத் திறந்தான். காது இரண்டும் சிவந்ததுதான் மிச்சம். "மழை..." என்று ஆரம்பித்தான்.

"போச்சுடா," என்றாள் கிளெண்டா. "நாளைக்கு நாப்பது மைல் இதேதானா?" அவள் திரும்பி நடந்தாள். கொட்டகையைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, முற்றத்தின் கடைசியில் மதில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் தள்ளிப் போக இடமில்லை.

"இப்ப சொல்லுய்யா!" என்று அங்கிருந்து கத்தினாள். "ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லு!"

இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஒருவரும் உள்ளே போகவில்லை. நெவில் சொல்ல ஆரம்பித்தான்.