கறுப்பு வட்டம்

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது வசந்த் அண்ணனின் போன் அடித்தது. காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாக வைத்து, தேவயானி வீட்டாருக்காகக் காத்திருந்தோம். நிச்சயதார்த்தம். ஒரகடத்தில் அண்ணனும் அவளும் ஒரே கம்பெனி. அவர்கள் ஆந்திராவில் சத்தியவேடு. வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

போனைக் கேட்டதும் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"காஞ்சிபுரத்துல டீக்கடையாண்ட வண்டி நிக்குதாம். கடை காலண்டர்ல கறுப்பு வட்டத்த பாத்துட்டு அவங்கப்பா ஏற மாட்டேங்கறாராம். அமாவாசையாம்."

"அமாவாசைதான். அதுக்கின்னா? நெறஞ்ச நாளுன்னுதான குறிச்சேன்" என்றார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். உத்திரமேரூர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வீட்டுக்குக் கடக்கால் தோண்டியது, அண்ணனுக்கு பைக் எடுத்தது, எல்லாமே அவருக்கு அமாவாசையில்தான்.

"அவங்க ஊர்ல அது ஆவாத நாளு நைனா. தேதிய மட்டுந்தான் சொன்னோம், அமாவாசைன்னு சொல்லல. நாம வேணும்னே வெச்சோம்னு நெனைச்சிக்கினு கீறாரு."

பெரியம்மா சிட்டம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "ஆந்திராக்காரங்க சம்மந்தம் ஒத்துவராதுன்னு அப்பவே சொன்னேன். கொழம்புல காரம் பத்தலன்னு திரும்பிட்டாங்கன்னு ஊருக்குள்ள சொல்லிக்கலாம், வுடு."

"சத்தியவேடும் அறுவதாம் வருசம் வரைக்கும் நம்ம செங்கல்பட்டு ஜில்லாதான் பெரிம்மா" என்றேன்.

"ஜில்லாவ கட்டிக்கினாடி குடும்பம் பண்ணப்போறான்?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "பந்தல் போட்டப்புறம் பாதி வழில திரும்பினா, அதோட முடிஞ்சிது நிஷா. அப்புறம் பேச்சே கெடையாது" என்றார் என்னிடம். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "சம்மந்தி, இன்னா இது?"

"தப்பா நெனைக்காதீங்க" என்றது தெலுங்கு கலந்த குரல். "இன்னிக்கி நாங்க கொழந்தைக்கி சொக்கா கூட எடுக்க மாட்டோம். எம் பொண்ணு நல்லா வாழணும்."

"எம் புள்ள வாழவாணாம்னா நான் குறிச்சேன்?"

போனில் வண்டிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. அண்ணன் பந்தல் காலைப் பிடித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து தேவயானியின் குரல் உடைந்து வந்தது.

"நைனா..."

"ஏம்மா" என்றார் அங்கே அவள் அப்பா. "இன்னாம்மா" என்றார் இங்கே என் அப்பா. இரண்டும் ஒரே நேரத்தில்.

பெரியம்மாவின் கை வாய்க்குப் பாதி வழியில் வெற்றிலையோடு நின்றது. போனுக்குள் வேன் கதவு சாத்தப்படும் சத்தமும், இன்ஜின் கிளம்பும் சத்தமும் கேட்டன. எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியவில்லை. சாம்பார் விளிம்புக்குப் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்கலாமா வேண்டாமா என்று கரண்டியோடு நைனாவைப் பார்த்தேன்.