கழுத்து நோ

என் கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பண்டத்தரிப்பில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் என் கழுத்து நோவையும் தெரியும். சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடக் கேட்பார், "ஷரோன் மிஸ், கழுத்து இப்ப எப்பிடி?" என்று. "பரவாயில்லை, அண்ணை" என்று கொஞ்சம் சரித்துக் காட்டுவேன். பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லவேண்டாமா?

உண்மை இதுதான். போன மாரிக்காலம் தொடக்கம் என்னால் எழும்ப முடியவில்லை. கால் நோகவில்லை, கை நோகவில்லை. எழும்புவதற்கு ஒரு காரணம்தான் அகப்படவில்லை. சம்பளத்துக்காகக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எப்படியோ இழுபட்டு வேலைக்குப் போவேன், வருவேன், உடுத்த சீலையோடு அப்படியே படுப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் குளிசை தந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குளிசை என்னைக் கிணற்றிலிருந்து பாதி ஏற்றிவிட்டது. மிச்சத்துக்குத்தான் டொக்டர் உதயகலாவின் ஊசி.

அவருடைய அக்குபங்சர் நிலையம் மானிப்பாய் வீதியில், ஒரு வீட்டின் முன்னறை. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஊரே அங்கே போகிறது. அதனால் நானும் ஒரு கழுத்தைக் கொண்டு போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் படுத்த பிறகு அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அக்கா, கிளினிக் குளிசையை நிப்பாட்டக்கூடாது. இது அதுக்குத் துணை, அவ்வளவுதான். எல்லாருக்கும் இந்த ஊசி கேக்கும் எண்டும் நான் சொல்லமாட்டன். மனம் இன்னும் விழுந்தால் உடனை கிளினிக்குக்குத்தான் போகவேணும், என்னட்டை இல்லை."

மயிரைப்போல மெல்லிய ஊசிகள். புருவத்துக்கு நடுவில், காதில், மணிக்கட்டில், பாதத்தில். எறும்பு ஊருவதுபோல இருக்கும், பிறகு கைகால் பாரமாகும். சில கிழமைகளில் எனக்கு நித்திரை வந்தது. ஊசியாலா, குளிசையாலா, யாரும் ஒன்றும் கேட்காமல் விட்ட அந்தத் திரைச்சீலையாலா என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்ப முடிந்தது. எனக்கு அது போதும்.

ஞாயிறென்றால் ஓய்வுநாள் பாடசாலை. எங்கள் தேவாலயத்தில் பாலர் வகுப்பு என்னுடையது. நோவாவின் பேழைக் கதை என்றால் வாங்குப் பலகை மேலே ஏறிநின்று ஆடாகவும் மாடாகவும் கத்துகிற குட்டிக் குரங்குகள். "கடிக்கிற நுளம்பையும் ஏன் ரீச்சர் ஏத்தினவர்?" என்று ஒருத்தி ஒவ்வொரு முறையும் கேட்பாள். அந்தக் குரங்குகளுக்காகத்தான் நான் முகம் கழுவி, சீலை மாற்றி வெளிக்கிட்டேன். அவர்களும் போய்விட்டால் திரும்பவும் கட்டில்தான் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இதெல்லாம் தெரிந்த இன்னொரு ஆள் என் அக்கா ஐரிஸ். அடுத்த வீட்டு வளவில் இருக்கிறா. அம்மா இல்லாத என்னை வளர்த்தவ. ஊசிக்குப் போகும்போதெல்லாம் கூட வந்து, திரைக்கு வெளியே வாங்கில் காத்திருப்பா. "உன்ரை விசயம் என்ரை வாயாலை வராது" என்று வேதப்புத்தகத்தில் கைவைக்காத குறையாகச் சொன்னா. நான் நம்பினேன். ஏனென்றால் அவவின் விசயம் ஒன்றும் என்னிடம் இருந்தது. கனடாவில் மகன் றொஷானும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். என் குசினி அடுப்படியில் குந்தியிருந்து அழுதழுது சொன்னா. ஊருக்கோ, "அவைக்கு அங்கை சரியான வேலை, போன் கோல் எடுக்க நேரமில்லை" என்று சொல்லிவைத்திருந்தா. நானும் கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

எங்கள் தேவாலயத்தில் ஒரு வழக்கம். ஆராதனைக்கு முன் போதகரிடம் சுகவீனரின் பெயரைக் கொடுத்தால் எல்லோருமாகச் செபிப்பார்கள். வெறும் பெயரோடு விடமாட்டார்கள், இன்ன நோய் என்று வருத்தமும் சொல்லவேண்டும். என்ன வருத்தமென்று தெரியாமல் எப்படிச் செபிப்பது? கடைசியில் போதகர், "வேறை ஆருக்கும் விண்ணப்பம் இருக்கோ?" என்று கேட்பார். அதற்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்த ஞாயிறு போதகர் கிறிஸ்ரோபர், ஏரம்பு மாஸ்டரின் கண் நோவில் தொடங்கினார். பிறகு யாருடையதோ இடுப்பு. பிறகு அதே குரலில், "மனச்சோர்வினாலே வருந்தி, குளிசையும் ஊசியும் எடுத்துக்கொண்டிருக்கிற எங்கள் சகோதரி ஷரோனை ஆண்டவர் தாமே தேற்றுவாராக" என்றார்.

"ஆமென்" என்றது சபை. பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன். அதன்பிறகுதான் காது அடைத்தது.

ஆராதனை முடிந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஏன் யோசிக்கிறியள்? சந்தோசமா இருங்கோவன்" என்றா. அடடா, இது இவ்வளவு காலமும் எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே! தாய்மார் தங்கள் பிள்ளைகளை மெல்லத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். போதகர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் இன்னும் கொடுமை.

"சகோதரி, கொஞ்சக் காலம் ஓய்வெடுங்கோ. பாலர் வகுப்பை மற்ற ரீச்சர் மேர்சி பாத்துக்கொள்ளுவா."

"எனக்கு ஓய்வு வேண்டாம், ஐயா. எனக்கு அந்தப் பிள்ளையள்தான் வேணும்."

"தாய்மார் கொஞ்சம் யோசிக்கினம். நீங்கள் முதல்லை சுகப்படுங்கோ."

எனக்கு வந்த கோபம் முழுவதையும் டொக்டர் உதயகலாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். அடுத்த முறை ஊசிக்குப் போனதும், படுக்காமல் நின்றபடியே கத்தினேன். "உங்களை நம்பித்தானே சொன்னனான்? அது எப்பிடி எங்கடை சேர்ச்சுப் போதகரின்ரை வாயிலை வந்தது? காசுக்கு ஊசி குத்திறியள், வாயைக் கட்டேலாதோ?" திரைக்கு வெளியே முழங்கால்காரர் எல்லோருக்கும் கேட்டிருக்கும். டொக்டரின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நான் சைவசமயம். உங்கடை சேர்ச் எந்தப் பக்கம் எண்டுகூட எனக்குத் தெரியாது. உங்கடை போதகரை நான் கண்டதுமில்லை. வேறை ஆருக்குத் தெரியும், யோசிச்சுப் பாருங்கோ."

யோசிக்கத் தேவையிருக்கவில்லை. திரையை விலக்கினேன். அக்கா வாங்கில் இருந்தபடி கைப்பையைத் திறந்தா, மூடினா, திரும்பவும் திறந்தா. நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை. டொக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "படுங்கோ" என்றார், அவ்வளவுதான். அன்று ஊசி குத்தியபோது முதல்முறையாக அழுதேன்.

பஸ் தரிப்பில் கேட்டேன். "ஏன் சொன்னனீங்கள்?"

"செபத்துக்குத்தானே சொன்னனான், ஷரோன். ஊருக்கோ சொன்னனான்? ஆண்டவருக்குத்தானே?"

"ஆண்டவருக்குத் தெரியாதோ? ஒலிபெருக்கியிலை சொல்லவேணுமோ?"

"பேரும் வருத்தமும் சொல்லிச் செபிச்சால்தான் பலன். உன்ரை நன்மைக்குத்தானேயடி."

"அப்ப றொஷானுக்கும் பேர் குடுத்தனீங்களோ?"

அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் பயம் இருந்தது, கோபமும் இருந்தது. நான்தான் ஏதோ துரோகம் செய்ததுபோல.

"அது வேறை" என்றா.

பஸ் வந்தது. நான் முன்னால் இருந்தேன், அக்கா பின்னால். அது வேறை. என்னைத் தூக்கி வளர்த்த கை, தன் மகனை மூடிவைத்துவிட்டு என்னைச் சபைக்கு நடுவே திறந்து வைத்திருக்கிறது. நெஞ்சு எரிந்தது. குளிசைக்கும் ஊசிக்கும் அடங்காத எரிவு அது.

அடுத்த ஞாயிறு கடைசி வாங்கில் போய் இருந்தேன். பக்கத்து மண்டபத்திலிருந்து மிருகங்களின் சத்தம் வரவில்லை. மேர்சி பிள்ளைகளை மனனம் செய்ய வைத்திருந்தாள். போதகர் செபித்தார், எனக்காகவும் இன்னொரு முறை. பிறகு வழக்கம்போல, "வேறை ஆருக்கும் விண்ணப்பம் இருக்கோ?" என்றார்.

நான் எழும்பினேன்.

"ஓம், ஐயா. என்ரை அக்கா ஐரிஸுக்காகச் செபியுங்கோ."

முன்வாங்கில் அக்காவின் முதுகு விறைத்தது. திரும்பினா. இரத்தம் வற்றிய முகம். 'வேண்டாம்' என்று கண் கெஞ்சியது. றொஷானின் பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"என்ன வருத்தம், சகோதரி?"

"அவவுக்குத் தெரியும், ஐயா" என்றுவிட்டு வாங்கில் இருந்தேன்.

போதகர் கொஞ்சம் திணறினார். பிறகு கண்ணை மூடி, அக்காவின் பெயரைச் சொல்லி, தெரியாத வருத்தத்துக்காகச் செபித்தார். கண்ணை மூடவேண்டிய சனம் முழுவதும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஆமென்" வந்தபோது அக்காவின் வாய் மட்டும் அசையவில்லை.

வெளியே பெண்கள் அவவைச் சுற்றிக்கொண்டார்கள். "என்ன, ஐரிஸ் அக்கா? சுகமில்லையோ? சீனி வருத்தமோ? நெஞ்சோ?" நான் சைக்கிளை எடுக்க அந்தப் பக்கத்தால்தான் போகவேண்டும். என்னைக் கண்டதும் அக்காவின் கை தானாக மேலே எழுந்து பிடரியைத் தடவியது.

"ஒண்டுமில்லை. கழுத்துத்தான் கொஞ்சக் காலமா நோகுது" என்றா.

"ஊசிக்குப் போங்கோவன். ஷரோன் கூட்டிக்கொண்டு போவா தானே?" என்றா ஒருத்தி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தா.

"நான் இனித் தனியத்தான் போறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.