மகன் கைப் பால்

கரண்டியை உதட்டில் வைத்துச் சாய்த்தாள் கலாதேவி. பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து கழுத்துச் சுருக்கத்தில் போய்த் தேங்கியது. துண்டால் ஒற்றி எடுத்தாள். நான்கு நாளாக இதே கதைதான். புந்தோங் அடுக்குமாடியில் அப்பா உடையப்பனைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டார்கள். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்ட மனிதர், மூச்சை மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"மகன் கைப் பால் எறங்காம இந்த உசுரு போவாது லா, கலா," என்றாள் பக்கத்து வீட்டு மாரியம்மா, கால்மாட்டில் நின்றபடி. "பாவம், அவனத்தான் தேடுறாரு."

கலாதேவிக்குச் சுருக்கென்றது. நான்கு நாளாக யார் வந்தாலும் இந்தப் பாட்டுத்தான். பக்கவாதம் வந்து அப்பா விழுந்து ஆறு வருஷம். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையை விட்டுவிட்டு, குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இரவு பகலாகப் புரட்டிப் படுக்க வைத்ததும் இந்தக் கைதான். இந்தக் கையால் ஊற்றும் பாலுக்கு மட்டும் என்ன குறைச்சல்? ஒரே ஒரு வாய் தன் கையால் இறங்கி, அந்த மனிதர் நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும். கலாதான் அனுப்பி வைத்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

தம்பி தர்மேந்திரன் கோலாலம்பூரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தான். சனிக்கிழமையே அவனுக்குத் தகவல் சொல்லியாயிற்று. "கம்பெனி கோர்ஸ்ல மாட்டிக்கிட்டேன்கா. ச்சூத்தி கேட்டாலும் குடுக்க மாட்றாங்க. முடிஞ்சதும் ஓடி வாரேன்," என்றான். லீவு தராத முதலாளியை அவளும் சேர்ந்து இரண்டு நாள் திட்டினாள்.

"வீடியோ கால் போடு கலா. மூஞ்சியயாச்சும் பாத்துக்கட்டும்," என்றாள் மாரியம்மா.

செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. மூன்றாவது முறைதான் எடுத்தார்கள். எடுத்தது தம்பியின் ஏழு வயது மகள் தினேஸ்வரி.

"அத்தை! ஸ்னோ பாருங்க அத்தை!"

குழந்தை போனைச் சுழற்றிக் காட்டினாள். அங்கே அப்போது பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே பாதி உயரத்துக்குப் பனி. அதற்கு அப்பால் வெள்ளையாக மலை. உள்ளே மரப்பலகை அடித்த அறை, நீள மேசை. ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரன் ஒருவன், அரைச் சக்கரம் அளவுக்கு ஒரு சீஸ் கட்டியைத் தகதகக்கும் கம்பிக்குக் கீழே பிடித்திருந்தான். மேல்பக்கம் கொதித்துக் குமிழ் விட்டது. அகலமான கத்தியால் ஒரே வழி வழித்து, அவித்த உருளைக்கிழங்கின் மேல் விட்டான். அது தட்டெல்லாம் பரவியது. கம்பளிக் குல்லாய் போட்ட தர்மேந்திரன் முள்கரண்டியால் ஒரு துண்டைக் குத்தித் தூக்கினான். சீஸ் இழை இழையாக நீண்டு அறுபடாமல் கூடவே வந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஆஹா என்றான். பக்கத்தில் அவன் மனைவி பிரமிளா கன்னம் சிவக்கச் சிரித்தாள்.

தம்பி இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டுக் கலாதேவி பார்த்ததே இல்லை. இவள் சமைத்துப் போட்ட எந்தச் சோற்றுக்கும் அவன் இப்படிக் கண்ணை மூடியதில்லை. பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த ஆஹாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

"யாரு பாப்பா போன்ல?"

"அத்தைப்பா."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "அக்கா... வந்து... பிரமிளா ரொம்ப நாளா ஆசப்பட்டா... போன வருஷமே எல்லாம் புக் பண்ணிட்டோம்..."

"கோர்ஸ் எப்பிடிப் போவுது தம்பி?" என்று கேட்டாள் கலாதேவி.

மாரியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயோ, கதயெல்லாம் அப்புறம் பேசலாம் லா! மூஞ்சிக்கு நேரா காட்டு!"

இடது கையில் போனைப் பிடித்து அப்பாவின் முகத்துக்கு நேரே காட்டினாள். வலது கையில் பால் கரண்டி. அந்தப் பக்கம் போன் இன்னும் குழந்தையின் கையில்தான் இருந்தது. குழந்தை தன் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். வழித்து விட்ட சீஸ் அதில் வெளிறிய மஞ்சளாக ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது.

நான்கு நாளாகத் திறக்காத கண் திறந்தது. அப்பா உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கியது. உதடு அசைந்தது.

"பால்..."

"கேட்டியா! பால் கேக்குறாரு! மகனப் பாத்துட்டாரு!" மாரியம்மா கால்மாட்டிலிருந்தே கத்தினாள். "தம்பி! அப்பா பாலு குடிங்கன்னு சொல்லு லா, சீக்கிரம்!"

கலாதேவி அதற்குள் குனிந்து அவர் வாயில் காதை வைத்திருந்தாள். மீதி அவளுக்கு மட்டும் கேட்டது.

"பால்ல ஆசிட் கூடிப் போச்சு. எந்த மடையன்டா ஊத்துனது?"

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம், வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் ரப்பர்ப் பாலைத் தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்தவர் உடையப்பன். ஒரு குவளை கூடினால் ரப்பர் ஷீட்டெல்லாம் வீணாகும், துரையிடம் வசவு விழும். பேத்தி காட்டிய தட்டில் அவர் பார்த்தது அந்தத் தொட்டியைத்தான். மகன் அவர் கண்ணில் படவே இல்லை.

"அப்பா... பால் குடிங்கப்பா," என்றது போன்.

அவள் கை தானாகச் சாய்ந்தது. இந்த முறை பால் வழியவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நெஞ்சு இறங்கியது. மறுபடி எழும் என்று காத்திருந்தாள். எழவில்லை.

மாரியம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். போன் மெத்தையில் விழுந்து கிடந்தது. லைன் அறுந்திருக்கவில்லை. அந்த ஓலத்துக்கு நடுவே பிரமிளாவின் குரல் கலாதேவிக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னவாம்? பால் குடிச்சிட்டாரா? சரி, நீங்க தட்டப் பாதியில வைக்காதீங்க லா. ஆறிப்போனா ரப்பர் மாரி ஆயிரும்."

கலாதேவி போனை எடுத்து அணைத்தாள். அப்பாவின் கண்ணை மூடிவிட்டாள். அழுகை வரவில்லை.

வியாழக்கிழமை காலை தர்மேந்திரன் வந்து சேர்வதற்குள் கதை ஊரெல்லாம் ஓடிவிட்டது. வெளிநாட்டுப் பனியில் இருந்தபடி போனிலேயே மகன் பால் ஊற்றினானாம், அதற்குத்தான் அந்த உயிர் காத்திருந்ததாம். அப்பாவோடு தோட்டத்தில் வேலை பார்த்த மாயாண்டி, வருகிறவர்களுக்கெல்லாம் வாசலில் போட்ட துக்கக் கூடாரத்தடியில் அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரண்டியைப் பிடித்திருந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தர்மேந்திரன் சவப்பெட்டியின் மேல் விழுந்து அழுதான். அது பொய்யழுகை இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மீசையை மழித்துக்கொண்டான், குடம் தூக்கினான், மின்சுடலையில் கொள்ளி வைக்கிற சடங்கையும் அவனே செய்தான். மகனுக்குரியது எதிலும் குறை வைக்கவில்லை.

தகனம் முடிந்து திரும்பிய மாலை, தேநீர் கலக்கிக்கொண்டிருந்தவளிடம் சமையல்கட்டுக்கு வந்து நின்றான்.

"அக்கா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு? என்னையத் தேடுனாராமே?"

கலாதேவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒன் தட்டப் பாத்து, பால்ல ஆசிட் கூடிப் போச்சு, எந்த மடையன்டா ஊத்துனதுன்னு திட்டுனாரு. ஒன்ன அவரு பாக்கவே இல்ல தம்பி."

"மாரியம்மாக்கா வேற மாரி சொன்னாங்களே..."

"அவங்க கால்மாட்டுல நின்னாங்க. நான் காதுகிட்ட இருந்தேன்."

தர்மேந்திரன் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே போனான்.

தேநீர்த் தட்டோடு அவள் கூடாரத்துக்கு வந்தபோது, மாயாண்டி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டிருந்தார்.

"அங்க என்னாப்பா சாப்பாடு? சோறு கெடைக்குமா?"

"சோறெல்லாம் கெடைக்காது மாமா. குளிருக்கு சீஸ உருக்கிக் குடுப்பாங்க. அந்த ஊர்ல காலங்காலமா அப்படித்தானாம். சுடச்சுட வழிச்சுக் கெழங்கு மேல போடுவாங்க, கூட ஊறுகா வெள்ளரிக்கா..." கொஞ்சம் குரல் எழும்பிவிட்டது அவனுக்கு. சட்டென்று நினைவு வந்தவனாகத் தாழ்த்திக்கொண்டான். "வாயில வச்சேன் மாமா, போன் வந்துருச்சு. கடைசியா என் பேரச் சொல்லித்தான் பால் கேட்டாரு."

"குடுத்து வச்சவன்டா நீ," என்று மாயாண்டி மூக்கை உறிஞ்சினார். "என்னா கலா, அப்படித்தானே?"

எல்லா முகமும் அவளைப் பார்த்தது. தம்பியும் பார்த்தான். மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டான். ஒரு வார்த்தை போதும், சபை நடுவே அவனைக் கிழித்துத் தொங்கப்போட. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அப்பாவின் அலமாரிக்கு அடியிலிருந்து பிரிக்காத மூன்று பெரிய பாக்கெட்டுகளை இழுத்து எடுத்து வந்து, தம்பியின் மடியில் வைத்தாள்.

"மூணாவது மாடில பத்துமலை அண்ணே சம்சாரம் படுத்த படுக்கையா இருக்காங்க. இதக் குடுத்துட்டு வா. அப்பாவுக்கு வாங்குனது, மிச்சம்."

அவன் ஒன்றைத் திருப்பி, மேலே இருந்த படத்தைப் பார்த்தான். பெரியவர்களுக்கான பெம்பர்ஸ்.

"அப்பா இதா போட்டிருந்தாரு? எப்பலேருந்துக்கா?"

மாயாண்டி தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கோப்பைக்குள் பார்த்தார்.

"லிப்ட் ரொசாக், ஓடாது. படியில ஏறிப் போ," என்றாள் கலாதேவி.

அவன் எழுந்தான். மூன்று பாக்கெட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றான்.