ரேடியோ நிற்கவில்லை

...அப்படியென்றால் இப்போது நின்றது எது, சந்தனத்தைத்தான் சுரண்டி எடுத்தாயிற்றே, மெக்கானிக் காளிராஜ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் காட்டினானே, சாவியைத் திருப்பின போதெல்லாம் இன்ஜின் பிடித்ததே... மாரீஸ்வரன் ஸ்டியரிங்கை விடாமல் எதிரே பார்த்தார். கார் ரெட்டியபட்டிச் சாலையில் பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக நின்றிருந்தது, இன்ஜின் அணைந்து. முன்னால் ஒரு முழம் தள்ளிச் சீமைக்கருவேலம், அதற்கப்பால் பள்ளம். பாலத்தைத் தாண்டியது எப்போது? பாலம் வருகிறது, வேகத்தைக் குறைக்கணும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, இப்போது பாலம் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை... வண்டி கட்டாகிவிட்டது. அப்படித்தான் கொஞ்ச காலமாகச் சொல்லிவருகிறார், வீட்டில், டீக்கடையில், பட்டறையில், 'ஓடிக்கிட்டு இருக்கும்போதே கட்டாகுது', எல்லோரும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டார்கள், எது கட்டாகுது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

காளிராஜ் மட்டும் கேட்டான். அருப்புக்கோட்டையில் மகள் சுபத்ராவை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழியில், பந்தல்குடியில், லாரிகள் போகும் ரோட்டோரம் இருக்கும் அவன் பட்டறையில், சற்று முன்புதான். வண்டி காலையிலும் கிளம்ப மறுத்திருந்தது, நாலு பேர் தள்ளித்தான் ஊரைவிட்டு வந்தார்கள். ஹெட்லைட்டைப் போட்டபடி சாவியைத் திருப்பச் சொன்னான், வெளிச்சம் செத்துப்போனது, பேட்டரியில தெம்பு இருக்கு, போய்ச் சேரல என்று பானெட்டைத் திறந்தவன் அப்படியே சிரித்துவிட்டான். “எண்ணே, சாமி படத்துக்கு வைக்கிற சந்தனத்த கரண்டுக்கு வச்சிருக்கீக. கரண்டு கும்புட்டுக்கிட்டே நிக்குது, உள்ள போக மாட்டேங்குது.” ஆயுத பூசைக்குப் பேட்டரியைக் கழற்றிக் கழுவி, இரண்டு முனையிலும் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, அதன்மேலேயே வயரை மாட்டி முடுக்கியது அவரேதான். பின்சீட்டில் சுபத்ரா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அவரும் சிரித்தார், எவ்வளவு லேசாக இருந்தது மனசு, சந்தனம்தானா, வெறும் சந்தனம்... ஆனால் காளிராஜ் சிரிப்பை நிறுத்திவிட்டான். “கிளம்பாததுக்கு இதுதாண்ணே. ஓடுற வண்டி அணையிறது வேற. ஓட ஆரம்பிச்சிட்டா பேட்டரிய நம்பி இல்ல. நானும் ரெண்டு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், எங்கிட்ட அணைய மாட்டேங்குது. அடுத்த தடவ கட்டாகும்போது ரேடியோவும் சேந்து நிக்குதான்னு மட்டும் கவனிங்க. நின்னா வயரு. நிக்கலன்னா வேற எடத்துல தேடணும்.”

இப்போது ரேடியோ பருத்தி விதை விளம்பரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. தென்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் என்று ஒரு பெண்குரல் ஆரம்பித்ததே, அது எங்கே போனது? நின்றிருக்க வேண்டும், நின்று மறுபடி வந்திருக்க வேண்டும், வயர்தான், லூஸ் கனெக்‌ஷன்... “ஏத்தா, இப்ப ரேடியோ நின்னுச்சா?” திரும்பாமலேயே கேட்டார். “எங்க நின்னுச்சு, மழ வருமா வராதான்னு கடைசி வரைக்கும் சொல்லாமயே முடிச்சாக,” என்றாள் சுபத்ரா, “நீங்கதாம்ப்பா பேசாம வந்தீக. ரெண்டு தடவ கூப்புட்டேன். திருப்பூர்ல இருந்து இவுக வரலன்னு இன்னும் கோவமா?” கோபமா, மருமகன் ராம்குமார் மேல் என்ன கோபம்... எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டார், நாக்கு கனமாக இருந்தது. “அடிவயித்துல இழுத்துப் புடிக்குதுன்னேன். பாலத்துக்கு முன்னாடி ஒருக்கா, இப்ப ஒருக்கா. திருப்புங்கப்பா, அருப்புக்கோட்டைக்கே போயிருவோம்னேன். காதுல விழுந்திருச்சு, அதான் ஓரங்கட்டுறீகன்னு நெனச்சேன்.”

ஓரங்கட்டவில்லை. கால் எங்கே இருந்தது, கை எங்கே இருந்தது, யார் கொண்டுவந்து நிறுத்தியது இங்கே? வேற எடத்துல தேடணும்... ஆவணியில் பருத்திக் காட்டில் டிராக்டர் வரப்பேறி நின்றதே, பிரேக் சரியில்லை என்று அதையும் பட்டறைக்கு விட்டாரே, அது பூசைக்கு முந்தி, அதில் ஏது சந்தனம்? மனைவி தங்கலட்சுமி நீட்டிய டம்ளர் கையைவிட்டு நழுவியது, கைப்பிடித் துணியில் எண்ணெய் என்று அவளைத்தானே ஏசினார், கார், டிராக்டர், டம்ளர், மூன்றையும் பிடித்திருந்தது இதே கைதான்... வெளியே கரிசல் மண் வெடித்துக் கிடந்தது, மேகம் நாலு நாளாகக் கூடிக் கூடி இறங்காமல் மேலேயே நின்றது, கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. நூற்றியெட்டைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது, வாசலிலேயே கார் நிற்கிறது, ஆம்புலன்ஸ் எதற்கு என்று சம்பந்தி வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி மகளைக் கூட்டிவந்தவர் அவர். வண்டி கிளம்பவில்லை என்று சொல்லலாம், அது ஊருக்கே தெரிந்த கதை, யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். கிளம்பக் கூடாது. இந்த ஒரு தடவை மட்டும் கிளம்பாமல் இருக்கட்டும் என்று சாவியைத் திருப்பினார், தொட்டதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது, புது வண்டி மாதிரி, ஒரு உதறல்கூட இல்லாமல்.

“அப்பாடி,” என்றாள் சுபத்ரா. அவர் காரைத் திருப்பினார். பந்தல்குடி வரை போய்விட்டால் காளிராஜை ஓட்டச் சொல்லலாம், என்ன சொல்லி... அதுவரை? “பேசிக்கிட்டே வா தாயி, நிறுத்தாத. நா பதில் சொல்லலன்னா தோளப் புடிச்சு உலுக்கு. கத்து.” “கத்தத்தானப்பா அங்க போறோம்,” என்று சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், சத்தமே இல்லை. வலி வந்தால் இவளாலும் பேச முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தூரத்தில், அவர்கள் போய் ஏற வேண்டிய, வெக்கையில் நெளியும் ரோட்டில், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.