துன்னியா?

1.

அழுது தீர்க்கலாம் என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இப்போது கை பரபரக்கிறது. காரணம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அங்கே தாவிவிடாதீர்கள், நானே பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "புத்தூர் வளைவில் அந்த லாரி..."

(வேண்டாம். அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: என் கணவர் ஏழுமலை, நகரியில் நெய்த புடவைகளைத் திருப்பதிக் கடைகளில் போட்டுவிட்டு வருவார். கடைசியாகப் போனபோது இரவு அங்கேயே தங்கினார். மாலையில் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். போனில் இடமில்லை என்று வந்ததும், மற்ற குப்பைகளோடு அதையும் கேட்காமலே அழித்தேன். மறுநாள் அவர் இல்லை. அவருடைய போனும் நொறுங்கிவிட்டது.

அந்தக் குரல் எனக்கு வேண்டும். இந்தக் கதையில் வேறெதுவும் யாருக்கும் வேண்டியதில்லை.

2.

திருப்பதியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹரிதாவிடம் போனேன். என் கணவருடைய எண்ணுக்கே புது சிம், புது போன். மெசேஜ்களுக்கு பேக்கப் இருந்தது; அந்த இரவே சேமித்தது. ஆனால் அதற்கு அவர் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டிருந்தார்.

மெசேஜ் ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாமா என்றேன்.

"சாவி அவங்க கிட்டயே லேதுக்கா. போலீசு போய்க் கேட்டாலும் இதான் பதில்."

(கொஞ்சம் கட்டுரை. அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் பூட்டு பலமானதுதான். யாருக்கு, எப்போது அனுப்பினீர்கள் என்பது ஒருவேளை தெரியலாம். என்ன சொன்னீர்கள் என்பது தெரியாது. ஓட்டை எல்லாம் முனைகளில்: திறந்து கிடக்கும் போன், எட்டிப்பார்க்கும் நாத்தனார், பூட்டாத பேக்கப். என் ஆள் அதையும் பூட்டிவிட்டார்.)

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். பூட்டிய அன்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "தெனம் உன்னாண்ட கேக்குறதுதான். வேற எவனுக்கும் தெரியாது."

தினமும் அவர் கேட்டது ஒன்றுதான், சாப்பிட்டாயா என்று: "துன்னியா?"

தமிழில் அடித்தேன். தவறு. ஆங்கில எழுத்தில். தவறு. கேள்விக்குறியோடு. தவறு. ஹரிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வாட்டிதான்க்கா. அதும் தப்புனா மொத்தமா மூடிக்கும்."

3.

இன்று காலை, மேலே உள்ள "துன்னியா?" என்ற வரியை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. காதுக்கு அது அவர்தான். கண்ணுக்கு வேறு யாரோ.

அவர் படித்தது தெலுங்கு மீடியம்! பேசுவது தமிழ், எழுதுவது தெலுங்கு எழுத்தில். மளிகைச் சீட்டில் வெங்காயத்தைக்கூட அப்படித்தான் எழுதுவார். ஜிலேபி சுத்திக்கினு இருக்கியா என்று கேலி செய்வேன். பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியும், அவர் குரலுக்கு என் எழுத்தையே மாட்டி வைத்திருக்கிறேன்.

4.

முடிவு ஒன்று: தவறு. மூடிக்கொள்கிறது. (எழுதியதும் அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திறக்கிறது. வரும்போது என்ன வாங்கிவர வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். அதுவே போதும், அதுவே

கல்லூரியில் படிக்கும் என் மகள் யாமினி இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"நைனா கம்பெனிக்காரனுக்கே தெரியாம பூட்டிக்கினு போனாரு. நீ கதையில போட்டு ஊருக்கே சொல்றியேம்மா."

அதனால் திரும்பிப் போய், எல்லா இடத்திலும் அந்தச் சொல்லை மாற்றிவிட்டேன். மேலே நீங்கள் படித்தது அவர் கேட்ட கேள்வி அல்ல. தலைப்பும் பொய்தான்.

யாமினி போனில் தெலுங்கு எழுத்தை வரவழைத்துக் கொடுத்தாள். முதல் எழுத்தை அடித்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.