ராணி கட்டிய பட்டு

யுத்தம் முடிந்த வருஷம் அது. சென்னை ஸ்டுடியோ ஒன்றில் நட்சத்திரங்களுக்கு உடை அமைப்பவன் குன்னத்து அரியமுத்து. ராஜா ராணிகளையே உடுத்திவிடுகிறவனுக்கு ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் பயம். படத்துக்குப் பணம் போடும் உடையார்பாளையத்துப் பண்ணையார் பிச்சைமுத்துதான் அவர். பெயரில் மட்டும்தான் பிச்சை.

அவருடைய மூத்த மகனுக்குக் கல்யாணம் வந்தது. "படத்துல ராணி வெள்ளியாட்டம் தகதகன்னு கட்டியிருந்தாளே, மருமவளுக்கு அதான் கூறைப்புடவை. அதே பட்டு, அதே சாயம். புதுசா நெய்யச் சொல்லிக் கொண்டாந்துடு" என்றார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் தகதகத்த அந்தப் பட்டு, நிஜத்தில் சாணிப் பச்சை. காமிராவுக்கு அதுதான் பிடிக்கும்; அரக்குச் சிவப்பைக் காட்டினால் கரியாக்கிவிடும்.

"ஐயா, நேர்ல பாத்தா நல்லாருக்காதுங்க..."

"நான்தான் படத்துல பாத்தேனேடா! எங்கண்ணு பொய் சொல்லுமா? அதே புடவை வரலன்னா அடுத்த படத்துக்கு வேற ஆளு வருவான்."

பொத்தான் தைக்கச் சேர்ந்து, அடி உதை பட்டு இந்த இடத்துக்கு வந்தவன் அரியமுத்து. அதே சாயத்தில் நெய்யச் சொல்லிக் கொண்டுவந்தான்.

முகூர்த்தத்தன்று கூறையைத் தாம்பாளத்தில் வைத்து, ஆசீர்வாதத்துக்காகச் சபையில் சுற்றினார்கள். தொட்டவர்களெல்லாம் விரலை முகர்ந்து பார்த்தார்கள். பெண்ணின் தாய் ரத்தினம்மாள் பொங்கிவிட்டாள்: "எம் பொண்ணு வாழ வர்றாளா, வாசல்ல சாணி தெளிக்க வர்றாளா?"

பண்ணையாருக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் தாமே கேட்டதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? "ராணிங்க இப்படித்தான் கட்டுவாங்க" என்று சபையில் அடித்துப் பேசிவிட்டு, அரியமுத்துவின் காதில், "உன் சோலி முடிஞ்சுதுடா" என்றார்.

மணப்பெண் கமலவேணி அதையே கட்டிக்கொண்டு, அழுதபடி மணவறையில் உட்கார்ந்தாள். பாவம், அவளுக்காக வருந்திய ஒரே ஆள் அரியமுத்து. அதுவும் தன் வேலைக்காக வருந்திய நேரம் போக.

திருச்சி போட்டோக்காரர் எடுத்த படம் வந்ததும் பண்ணையார் ஆள் அனுப்பினார். அரியமுத்து மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் போனான். படத்தில் சிவப்புப் பட்டுச் சம்பந்திகளெல்லாம் கரி மூட்டை இறக்கியவர்களைப் போல நின்றார்கள். நடுவில் கமலவேணி மட்டும் பளீரென்று ராணியாக இருந்தாள்.

"அடுத்த படமும் உனக்குத்தான்டா! சின்னவன் கல்யாணத்துக்கும் இதே புடவைதான்." பண்ணையார் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "கண்ணுல தண்ணி நிக்கிது பாரு, வைரமாட்டம் விழுந்துருக்கு! வரப்போற பொண்ணையும் இப்படியே அழ வச்சிடணும். முடியுமா?"

காபி கொண்டுவந்த கமலவேணி அங்கேதான் நின்றிருந்தாள். அரியமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை.

"அதுக்கென்னங்கய்யா, புடவை என்னா நெறம்னு அவுங்க வூட்டுல முன்னாடியே சொல்லாம இருந்தாப் போதுங்க."